பத்துக்கு நான்கு வாங்கிய தகப்பனின் பணிவான விண்ணப்பம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பள்ளி நிர்வாகத்தாருக்கும் முதல்வர் அம்மையாருக்கும், லிட்டில் அந்தமான் தீவின் ஹட் பேயிலிருந்து வணக்கம்.

பள்ளியின் பெயரை எழுதவில்லை. எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். அடுத்த ரசீதில் விளம்பரக் கட்டணம் என்று ஒரு வரி ஏறிவிடும்.

'நம் பள்ளியின் பண்பாடு: பெற்றோர் பார்வையில்' என்று வழவழப்பான தாளில் ஒரு படிவம் அனுப்பியிருந்தீர்கள். வட்டமிட ஐந்து முகங்கள் அச்சிட்டிருந்தன. ஐந்தும் சிரித்தன. ஐந்தாவது கொஞ்சம் குறைவாகச் சிரித்தது. அதையும் வட்டமிட மனம் வராமல், கீழே விட்டிருந்த இரண்டு கோடுகளில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ஜூனிலிருந்து குடிதண்ணீர்க் குழாயில் தண்ணீர் வருவதில்லை என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை மகளின் டைரிக்குள் அந்தத் தாள் திரும்பி வந்தது. 'வாட்டர் நாட் கமிங்' என்று நான் எழுதியதற்கு நடுவே சிவப்பு மையில் ஒரு 'இஸ்' செருகியிருந்தது. ஓரத்தில் வட்டம் போட்டு 10க்கு 4. அடியில், "கையெழுத்து முன்னேற வேண்டும். பெற்றோர் கையொப்பத்துடன் திங்களன்று திருப்பி அனுப்பவும்."

திருத்தத்துக்கு நன்றி. இலக்கணம் சரியான பிறகும் தண்ணீர் வரவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

பெற்றோர் கையொப்பம்தான் சிக்கலாகிவிட்டது. மதிப்பெண் வாங்கியவன் நான்; என் அப்பா காலமாகிவிட்டார். அம்மா நேதாஜி நகரில் இருக்கிறார். தாளை எடுத்துப் போய்க் காட்டினேன். சிவப்பு மையைப் பார்த்ததும், "ஏன்டா, இந்த வயசுல போயா ஃபெயிலான?" என்றார். அவருக்குக் கைநாட்டுதான். தங்கள் பண்பாட்டில் கைநாட்டு செல்லுமா என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் நல்லது. அவசரமில்லை, அடுத்த கப்பலில் வரட்டும்.

அடுத்த கப்பல் என்றதும் தங்கள் முகம் மலர்வது இங்கிருந்தே தெரிகிறது. கணக்கு டீச்சர் எங்கே என்றால் அடுத்த கப்பலில் வருகிறார். இரண்டாம் பருவப் புத்தகம் அடுத்த கப்பலில். கழிப்பறைத் தாழ்ப்பாள் அடுத்த கப்பலில். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயரே மாற்றிவிட்டார்கள். அங்கிருந்து கிளம்ப வேண்டிய நம் தாழ்ப்பாள் மட்டும் இன்னும் கிளம்பவில்லை. கடல் சரியில்லை என்றால் கப்பல் ரத்தாகும்; கவுண்டரில் வரிசையில் நின்றவர்களுக்கு அது தெரியும், நாங்கள் கோபப்பட மாட்டோம். எங்களுக்குப் புரியாதது ஒன்றுதான். கட்டண நோட்டீஸ் எப்படி எந்தப் புயலிலும், எந்தக் கப்பலும் இல்லாமல், ஒன்றாம் தேதி காலையில் நீந்தி வந்து சேர்கிறது? குழாய்க்கு வேண்டியது ஒரு வாஷர். பஜாரில் கேட்டேன், கடையிலேயே இருக்கிறது. கடல் தாண்ட வேண்டியதில்லை, ரோட்டைத் தாண்டினால் போதும்.

தங்கள் பொறுமையையும் பாராட்ட வேண்டும். சேர்க்கையின்போது என் மனைவியையும் என்னையும் உட்கார வைத்து, வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள், எதுவரை படித்திருக்கிறீர்கள் என்று எவ்வளவு பரிவாக விசாரித்தீர்கள்! 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 13ஆம் பிரிவு, பிள்ளையையோ பெற்றோரையோ இப்படிச் சலித்தெடுத்துச் சேர்க்கக் கூடாது என்கிறது. முதல் முறைக்கு 25,000 ரூபாய் வரை அபராதம், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. அந்தச் சட்டப் புத்தகமும் அடுத்த கப்பலில்தான் வருகிறது போலும்.

சட்டத்துக்கும் தங்கள்மேல் தனிப் பிரியம் உண்டு. அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு வைக்க வேண்டும், அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்கிற அதே சட்டம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தத் தொல்லை வேண்டாம் என்று விட்டுவிட்டது. பக்கத்து வீட்டு வங்காளி அண்ணன் பிள்ளை அரசுப் பள்ளியில் படிக்கிறான். மீன் வலையை உதறிவிட்டுக் கூட்டத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து, சத்துணவில் உப்பில்லை என்று சொல்லிவிட்டு வருகிறார். அவர் இலக்கணத்தை யாரும் திருத்தவில்லை. மாதாமாதம் பணம் கட்டும் எங்களுக்கு ஐந்து சிரித்த முகம்.

இந்த ஈரக் காற்றில் கழுத்தில் டை, காலில் ஷூ, அதற்குள் நனைந்த சாக்ஸ் என்று பிள்ளைகள் வருவது கண்ணுக்கு எவ்வளவு குளிர்ச்சி! மகள் சாக்ஸைக் கழற்றும்போது விரலிடுக்கெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருக்கும். அதைவிடப் பெரிய அழகு கேட்டுக்குள் நடக்கிறது. வங்காளம், தமிழ், தெலுங்கு, நிக்கோபாரி என்று எது பேசினாலும் பத்து ரூபாய் அபராதம். குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரை, முடிந்த இடத்தில், வீட்டு மொழியில் பாடம் சொல்லித்தர வேண்டும் என்று 2020 கல்விக் கொள்கை சொல்கிறது. அந்த ஆண்டே வந்த புத்தகப் பைக் கொள்கை, இரண்டாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் கூடாது, பையின் எடை 2.2 கிலோவைத் தாண்டக் கூடாது என்கிறது. கடைத் தராசில் மகளின் பையை வைத்தேன். கடைக்காரர், "அரிசியா, பருப்பா?" என்றார்.

சுனாமிக்குப் பிறகு இதே ஊரில் தகர ஷெட்டில் படித்தவன் நான். மழை பெய்தால் வாத்தியார் பேசுவது கேட்காது. கேட்காததால் கரும்பலகையில் எழுதிப் போடுவார், நாங்கள் பார்த்து எழுதுவோம். எங்களில் பாதிப் பேரின் வீடு கடலோடு போயிருந்தது. அப்போதும் எங்கள் அப்பா அம்மாவை நினைத்து எங்களை வெட்கப்பட வைத்த வாத்தியார் ஒருவர்கூட இல்லை.

சென்ற மாதம் கட்டணம் தாமதமானது. சம்பளம் வரவில்லை, தாமதமானது. அதற்காக என் மகளையும் இன்னும் இரண்டு பிள்ளைகளையும் மதிய இடைவேளை வரை வராந்தாவில் நிறுத்தினீர்கள். வகுப்புப் பிள்ளைகள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளைக்குச் சம்பளப் பட்டியல் தெரியுமா? கடன் வைத்தது அவளா? வெளியே நிறுத்த வேண்டுமென்றால் என்னை நிறுத்தியிருக்கலாம், நான் நின்றிருப்பேன். அன்று ராத்திரி, "நம்ம ஏழைங்களாப்பா?" என்று கேட்டாள். எந்தப் பாடத்தில் இதைச் சொல்லிக் கொடுத்தீர்கள்? அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடலை அடிப்பதை மட்டுமல்ல, மனதைத் துன்புறுத்துவதையும் தடுக்கிறது. இதுவும் கப்பலில் வர வேண்டுமா?

மன்னிக்கவும், குரல் உயர்ந்துவிட்டது. 10க்கு 4 வாங்கியவன் இப்படித்தான் பேசுவான். தங்கள் பண்பாட்டின் ஒளி இந்தத் தீவெங்கும் பரவட்டும், அடுத்த ஆண்டுவிழா அழைப்பிதழும் தங்க எழுத்தில் வரட்டும்.

திங்கட்கிழமை படிவத்தைக் கைநாட்டோடு நானே கொண்டுவருகிறேன். கூடவே மூன்று பிள்ளைகளின் பாக்கிக்கும் ரசீது போட்டு வையுங்கள். மற்ற இரண்டு வீட்டிலும் பேசிவிட்டோம், ஆளுக்குக் கொஞ்சம் கடன் வாங்கிச் சேர்த்தாயிற்று. முதல் மணி அடிக்கும்போது மூவரும் வகுப்புக்குள் பெஞ்சில் இருக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டை விட்டு நகர்வேன்.

இப்படிக்கு,
இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தகப்பன்