முறைக்காய்ச்சல்

ஆச்சியின் அடுப்படிச் சுவரில் கரிக்கோடுகள் இருந்தன. அப்புவுக்குக் காய்ச்சல் வந்த நாளுக்கு ஒரு கோடு, வராத நாளுக்கு ஒரு புள்ளி. கோடு, புள்ளி, கோடு, புள்ளி.

1969. அப்பு வன்னியில் வயல் செய்துவிட்டு யாழ்ப்பாணம் திரும்பியிருந்தார். கோட்டு நாளில் பத்து மணிக்கே பல் கிடுகிடுக்கும். இரண்டு சாக்கைப் போர்த்தாலும் கட்டில் ஆடும். பின்னேரம் உடம்பு கொதிக்கும். இரவு வேர்வையில் பாய் ஊறும். விடிந்ததும் ஆச்சி சொல்லுவா: "இண்டைக்கு முறை இல்லை. எழும்பிக் கஞ்சி குடியுங்கோ."

கோயில் பூசைக்கு முறை, தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க முறை. இந்தக் காய்ச்சலுக்கும் ஒரு முறை, அதனால்தான் முறைக்காய்ச்சல். இரத்தச் சிவப்பணுக்களுக்குள் பெருகும் ஒட்டுண்ணிகள் ஏறத்தாழ 48 மணித்தியாலத்துக்கு ஒருதரம் ஒன்றாக வெடித்து வெளிவருகின்றன. அப்போதுதான் குளிர் எடுக்கிறது. இன்னொரு வகைக்கு 72 மணித்தியாலம். லவரன் என்ற பிரெஞ்சு வைத்தியர் அந்த ஒட்டுண்ணியை அல்ஜீரியாவில் கண்டது 1880இல். நுணுக்குக்காட்டி இல்லாமலே எங்கள் சனம் அதன் கணக்கைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது அதற்குப் பெயர் மலேரியா. 'மலேரியா' என்றால் இத்தாலிய மொழியில் கெட்ட காற்று. குற்றம் காற்றில் இல்லை, நுளம்பில் என்று தெரிந்த பிறகும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. சரியாகச் சொன்ன சொல் போய்விட்டது. இது எனக்கு ஆறவில்லை.

போன வருடம் காய்ச்சலோடு மருந்து எடுக்கப் போனேன். டெங்குவுக்கு இரத்தம் சோதிக்க வேண்டும் என்றா அந்த இளம் டொக்டர். "முறைக்காய்ச்சலாய் இருக்குமோ, பிள்ளை?" என்று கேட்டேன்.

"என்ன முறை, அம்மா?"

அவவில் பிழை இல்லை. இலங்கைக்குள் தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் மலேரியா இல்லாத நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றும் தந்தது. அந்தப் பிள்ளை இந்த வருத்தத்தைக் காணாதது நாடு செய்த புண்ணியம். ஆனால் 1963இலும் நாடு முழுக்க 17 பேருக்குத்தான் வந்தது. ஆறு வருடத்தில் அது லட்சக்கணக்காகி, அதில் ஒருவர் எங்கள் அப்பு. சான்று கிடைத்த அதே வருட முடிவில் மன்னார்க் கிணறுகளில் ஸ்டீபன்சி என்ற புது மலேரியா நுளம்பைக் கண்டார்கள். பிறகு அது யாழ்ப்பாணத்துக்கும் வந்துவிட்டது.

டொக்டருக்குச் சுவர்க் கதையைச் சொன்னேன். பேனையை வைத்துவிட்டுக் கேட்டா: "கோடும் புள்ளியும் எவ்வளவு நாள் ஓடினது, அம்மா?"

"இருபத்துமூன்று கோடு. நான்தான் எண்ணினனான்."