வருங்காலத் தீவார்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இவரைத் தேடிப் போக விலாசம் வேண்டாம். காலை ஏழு மணிக்கு ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் நின்றால் போதும். ஊரே ஏரித் தண்ணீரையும் யூரியாவையும் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். ஒருவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "டொமினிக்காவுல இப்ப மணி என்னா தெரியுமா? நேத்து ராத்திரி ஒன்பதரை" என்பார். அவர்தான். அங்கே மணி என்னவானால் நமக்கென்ன என்று யாரும் கேட்பதில்லை. எல்லாருடைய டீக்கும் அவர்தான் காசு கொடுக்கிறார்.

இது தனி ஆள் இல்லை, ஒரு ரகம். வருங்காலத் தீவார் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். வயது ஐம்பத்தைந்துக்கு மேல். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் வெளியே தெரிகிற மாதிரி இரண்டு செல்போன். ஒரு காலத்தில் கரும்பு போட்டவர். லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை நின்றுபோனதும் கரும்பை விட்டார். நாலுவழிச் சாலை வருகிறது என்றதும் நிலத்தில் மஞ்சள் கல் நட்டு மனையாகப் பிரித்தார். கரும்பு ஆயுள் முழுக்கத் தராததை மனை ஒரு தையிலிருந்து அடுத்த தைக்குள் தந்துவிட்டது.

கையில் இருக்கும் பணத்தை என்ன செய்வது என்கிற கவலை நம் பக்கத்துக்குப் புதிது. வீட்டை இடித்து மறுபடியும் கட்டினார். குலதெய்வத்துக்குக் கும்பாபிஷேகம் செய்தார். கார் வாங்கினார். அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சென்னையில் ஒரு நட்சத்திர ஓட்டலில் கூட்டம் என்று அழைப்பு வந்தது. மத்தியானச் சாப்பாடு உண்டு என்றதால் போனார். வழவழப்பான ஒரு புத்தகத்தோடு திரும்பினார். அந்தப் புத்தகம் இப்போது பூஜை அறையில், லட்சுமி படத்துக்குக் கீழே இருக்கிறது. கூட்டத்தில் அவர் கற்றுக்கொண்டு வந்த 'பிளான் பி' என்ற சொல் வீட்டில் எல்லார் வாயிலும் இருக்கிறது. குழம்பு தீய்ந்துவிட்டால் மருமகள் ரசத்தை அப்படித்தான் அழைக்கிறாள்.

புத்தகம் சொல்லும் விஷயம் எளிது. கரீபியன் கடலில் சில சின்னத் தீவு நாடுகள் இருக்கின்றன. பணம் கட்டினால் குடியுரிமை தரும். 1983இல் விடுதலையடைந்த செயின்ட் கிட்ஸ் நெவிஸ் மறுவருஷமே இதற்குச் சட்டத்தில் வழி வைத்தது. உலகத்திலேயே இந்த வியாபாரத்துக்கு அதுதான் மூத்த கடை. 2005இல் அந்தத் தீவு நூற்றாண்டுகளாகச் செய்துவந்த சர்க்கரைத் தொழிலை இழுத்து மூடியது. பாஸ்போர்ட்தான் அப்புறம் அங்கே பெரிய வெள்ளாமை. இந்த இடத்தைப் படிக்கும்போது தீவார் நெகிழ்ந்துபோவார். "பாத்தியா, அவனும் நம்மள மாதிரிதான். கரும்பை வுட்டான், கல்லு நட்டுட்டான்."

டொமினிக்கா 1993இல் கடை திறந்தது. அன்டிகுவா, கிரனடா, செயின்ட் லூசியா எல்லாம் பின்னால் வந்தன. ஒருவரை ஒருவர் விலை குறைத்து விற்று அலுத்துப்போய், 2024இன் நடுவிலிருந்து இரண்டு லட்சம் டாலருக்குக் கீழே விற்பதில்லை என்று தங்களுக்குள் பேசி முடித்தார்கள். நம் பணத்தில் ஒன்றே முக்கால் கோடிக்குக் குறையாது. வக்கீல் கூலி, விசாரணைக் கூலி தனி. அங்கே போய்க் குடியிருக்க வேண்டாம் என்றது புத்தகம். டொமினிக்காவாக இருந்தால் கண்ணால் பார்க்கக்கூட வேண்டாம், நேர்காணல் காணொளியிலேயே நடக்கும். மனை வாங்க வந்தவர்கள் வாய்க்காலையும் வழிப்பாதையையும் பார்த்துப் பார்த்துத் தன்னை எப்படி இழுத்தடித்தார்கள் என்பதைத் தீவார் மறந்துவிட்டார். பார்க்காத தீவுக்கு முன்பணம் எவ்வளவு என்றுதான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

ஆனால் பழகிப் பார்த்தால் தெரியும், இவருக்குத் தீவு மேல் ஆசையே கிடையாது. ஆசையெல்லாம் எதிர்வீட்டின் மேல்.

எதிர்வீடு பிரெஞ்சுக்கார வீடு. அங்கே வெள்ளைக்காரர் யாரும் இல்லை. எண்பதைத் தாண்டிய ஆயா ஒருத்திதான் இருக்கிறாள், சொல்தா விதவை. புருஷன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். மாதாமாதம் ஈரோவில் பென்ஷன் வருகிறது. பேரன்கள் பாரிஸ் பக்கம் சார்செலில் இருக்கிறார்கள். ஆயாவுக்குப் பிரெஞ்சில் 'மெர்சி' தவிர ஒன்றும் தெரியாது. ஆனால் பிரான்ஸின் ஜனாதிபதித் தேர்தல் வந்தால் நூல் புடவை கட்டிக்கொண்டு காரில் ஏறிப் புதுச்சேரிக்குப் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வருவாள். 2022 தேர்தலில் நம் பக்கத்தில் இப்படி ஓட்டுரிமை உள்ளவர்கள் நாலாயிரத்துக்கு மேல். அன்றைக்கு முழுக்கத் தீவார் திண்ணையை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

கதை 1962இல் இருக்கிறது. 1954 நவம்பர் 1ஆம் தேதியே ஆட்சி பிரான்ஸிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறிவிட்டாலும், ஒப்பந்தம் சட்டப்படி அமலுக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் தாமாகவே இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். பட்டாளத்துக் குடும்பங்களும் சர்க்கார் உத்தியோகக் குடும்பங்களும் அதில் அதிகம். கொம்யூன் பக்கத்து உழவர்களுக்கு விஷயம் வந்து சேர்ந்ததோ இல்லையோ, தெரியவந்தவர்களும் கப்பலில் ஏற்றிவிடுவார்களோ, நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து ஒதுங்கியிருப்பார்கள். பிரான்ஸைவிட வரப்பு பக்கத்தில் இருந்தது.

"எங்க தாத்தாவுக்குத் தகவல் வந்துதான் இருந்துது. அன்னைக்குப் பாத்து நாத்து நட்டுக்கினு இருந்தாரு" என்பது தீவார் சொல்லும் வரலாறு.

"ஆறு மாசமுமா நாத்து நட்டாரு?" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வரும்.

இதற்கு மேல் பேச்சு கீழூருக்குப் போய்விடும். வில்லியனூரை அடுத்த கீழூரில்தான் 1954 அக்டோபர் 18ஆம் தேதி அந்த வாக்கெடுப்பு நடந்தது. இந்தியாவோடு இணைய 170 பேர், வேண்டாம் என்று 8 பேர். அந்த எட்டில் ஒருவர் தன் தாத்தா என்பார் தீவார். நான் பழகிய தீவார்கள் எல்லாருமே இதைச் சொல்லியிருக்கிறார்கள். கணக்குப் போட்டால் எட்டு எண்பதைத் தாண்டும். ஓட்டுப் போட்டவர்கள் சட்டசபைப் பிரதிநிதிகளும் நகரசபை உறுப்பினர்களும். நாற்று நட்டுக்கொண்டிருந்த தாத்தா அங்கே எப்படிப் போனார் என்று கேட்பது மரியாதையில்லை.

தாத்தா விட்டதைக் கல்யாணத்தில் பிடிக்கலாம் என்று முதலில் நினைத்தார். மகனுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள பெண் பார்க்கத் தரகரிடம் சொன்னார். அந்தச் சந்தையில் ஆற்று நீர் மேல்நோக்கி ஓடும். கேட்பது பெண் வீடு, கொடுப்பது மாப்பிள்ளை வீடு. அதற்கும் தயாராகத்தான் இருந்தார். கல்யாணம் முடிந்து நாலு வருஷமாவது சேர்ந்து வாழ்ந்த பிறகுதான் மனுப்போட முடியும், பிரெஞ்சும் பேசத் தெரிய வேண்டும் என்று தரகர் சொன்னபோது மகன், "நாலு வருஷமா?" என்று கேட்டான். சேர்ந்து வாழ்வதைச் சொன்னானா, பிரெஞ்சு படிப்பதைச் சொன்னானா தெரியவில்லை. பிறகு திருபுவனை கம்பெனியில் கூட வேலை பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டான். ரசத்துக்குப் பிளான் பி என்று பெயர் வைத்தவள் அவள்தான்.

அதனால்தான் தீவு. டொமினிக்கா பாஸ்போர்ட் இருந்தால் விசா இல்லாமல் பிரான்ஸில் இறங்கலாம் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. தொண்ணூறு நாள்தான் தங்கலாம் என்பதைச் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது. சார்செலுக்குப் போய், எதிர்வீட்டுப் பேரன் கதவைத் தட்டி, "சும்மா இந்தப் பக்கம் வந்தன்" என்று சொல்ல வேண்டும். ஒன்றே முக்கால் கோடியும் அந்த ஒரு வாக்கியத்துக்கு.

நடுவில் வனுவாட்டுப் பக்கமும் சாய்ந்தார். பசிபிக் தீவு, ஒன்றேகால் லட்சம் டாலருக்குக் கொஞ்சம் மேல், மலிவு. அதற்குள் ஐரோப்பிய நாடுகள் வனுவாட்டுக்குக் கொடுத்திருந்த விசாச் சலுகையை முதலில் நிறுத்திவைத்து, 2024 கடைசியில் அடியோடு எடுத்துவிட்டன. பிரிட்டன் 2023 ஜூலையிலேயே வனுவாட்டு, டொமினிக்கா இரண்டுக்கும் விசா கேட்க ஆரம்பித்துவிட்டது. "லண்டன் போனா போவட்டும், நமக்கு அங்க யாரு இருக்கா" என்று தேற்றிக்கொண்டு பழைய தீவுக்கே திரும்பினார்.

இந்த வகைக் குடியுரிமைக்கு நம் நாட்டில் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் வேறு சிலர் என்பதுதான் தொல்லை. வங்கி மோசடி வழக்கில் சிக்கிய வைர வியாபாரி மெகுல் சோக்சி 2017இல் அன்டிகுவா குடியுரிமை வாங்கினார். ஐபிஎல் முன்னாள் தலைவர் லலித் மோடி வாங்கிய வனுவாட்டு பாஸ்போர்ட்டை ரத்து செய்யச் சொல்லி 2025 மார்ச்சில் அந்த நாட்டுப் பிரதமரே உத்தரவிட்டார். டிவியில் இதையெல்லாம் பார்த்த டீக்கடைக்காரர் குரலைத் தாழ்த்தி, "மாமா, நீங்க எந்த பேங்க்ல வாங்கினீங்க?" என்று கேட்டார். பேச்சு ஒரே நாளில் கொம்யூனைச் சுற்றிவிட்டது. கூட்டுறவுக் கடன் சங்கத்துச் செயலாளர் வேர்க்க விறுவிறுக்க சைக்கிளில் வந்து இறங்கினார். தீவார் பெயரில் பயிர்க்கடன் பாக்கி இருக்கிறதாம். "தீவுக்குப் போறதுக்கு முன்னாடி இதை மட்டும் முடிச்சிட்டுப் போயிடுங்க அண்ணே." சர்வதேசக் குற்றவாளி வரிசையில் தன் பெயரும் வந்துவிட்டதில் தீவாருக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். வட்டியைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார்.

ஒருநாள் ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார் அவருக்கு எதிரில் உட்கார்ந்து வரைபடத்தைப் பிரித்தார். டொமினிக்காவுக்கு வடக்கே குவாதலூப், தெற்கே மார்த்தினிக். இரண்டும் இன்றைக்கும் பிரான்ஸ் வசம். இங்கிருந்து முதல் கூலிக் கப்பல் மார்த்தினிக்குக்கு 1853இல் போனது, பெயர் ஓரேலி. அதே கப்பல் அடுத்த வருஷம் குவாதலூப்புக்குப் போனது. கரும்புத் தோட்டத்தில் ஐந்து வருஷ ஒப்பந்தம். அடுத்த முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்கு மட்டும் நாற்பதாயிரம் பேருக்கு மேல் போனார்கள். பெரும்பாலும் புதுச்சேரி, காரைக்கால் துறைகளிலிருந்துதான். அங்கே இன்னும் மாரியம்மன் இருக்கிறாள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஓட்டுரிமை கேட்டு ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கிய வழக்கு 1923 வரை இழுத்தது.

"நம்ம ஜனம் கட்டைவிரலை வெச்சிட்டுப் போன ஊருக்குப் பக்கத்து ஊருக்குத்தான் நீங்க கோடி குடுத்துப் போறீங்க" என்றார் வாத்தியார்.

தீவார் வரைபடத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு, "அவங்க கூலிக்குப் போனாங்க சார். நான் இன்வெஸ்டரா போறன்" என்றார். ஆனால் அன்றைக்கு டீக்கு வாத்தியாரைக் காசு கொடுக்க விட்டுவிட்டார்.

மனைவிக்கு வரலாறு வேண்டாம், வானிலை போதும். 2017 செப்டம்பரில் மரியா புயல் டொமினிக்காவைக் கூரையில்லாத நாடாக்கிவிட்டுப் போனதை மருமகள் செல்போனில் காட்டியிருக்கிறாள். "2011ல தானே புயல்ல மாமரம் போச்சு. 2024ல ஃபெஞ்சலும் தென்பெண்ணைத் தண்ணியும் சேந்து பாகூரையே முழுகடிச்சிது. இங்க நனைஞ்சது போதாதுன்னு அங்க போயி நனையணுமா? இதுவும் தீவாட்டம்தான் இருக்குது. நாலு பக்கமும் தமிழ்நாடு." அவள் சொல்வதில் பூகோளப் பிழை அதிகமில்லை. நம் யூனியன் பிரதேசம் துண்டு துண்டாகக் கிடக்கிறது. வில்லியனூரிலிருந்து விழுப்புரம் சாலையில் மதகடிப்பட்டு போவதற்குள் கண்டமங்கலத்தில் தமிழ்நாடு குறுக்கே வந்து போகும். தீவாருடைய மிச்ச நிலமே எல்லைக்கு அந்தப் பக்கம், கடலூர் மாவட்டத்தில் இருக்கிறது. தினமும் மாநில எல்லையைத் தாண்டித்தான் களை பார்க்கிறார், விசா இல்லாமல்.

கடைசியில் ஆடிட்டரிடம் போனார்கள். அவர் சுருக்கமாகப் பேசும் மனுஷர். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஒப்புக்கொள்வதில்லை. 1955ஆம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டப்படி, விரும்பி இன்னொரு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நிமிஷமே நம்முடையது தானாகப் போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஓட்டு கிடையாது. வெளிநாட்டவராகிவிட்ட இந்தியருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கிக்கொண்டு இங்கேயே இருக்கலாம், ஆனால் புதிதாக விவசாய நிலம் வாங்க முடியாது. பணத்தை வெளியே அனுப்பும்போதே வரிப்பிடித்தம் வேறு உண்டு.

தீவார் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பாஸ்போர்ட்டா, போகட்டும். ஓட்டா, யாருக்குப் போட்டாலும் ஒன்றுதான். நிலமா, இனிமேல் விற்கத்தானே போகிறோம். நூறு வருஷத்து வேரை மனுஷர் சிரித்த முகத்தோடு பிடுங்கிக்கொண்டே வந்தார். எழுந்திருக்கும்போதுதான் சட்டைப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"இதுக்கு ஒண்ணும் ஆவாதே?"

சிவப்பு ரேஷன் கார்டு. புதுச்சேரியில் ஏழைக்குச் சிவப்பு, வசதி உள்ளவருக்கு மஞ்சள். கரும்பு போட்ட காலத்தில் வாங்கியது. மனை போட்ட பிறகு அதை மாற்ற யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

ஆடிட்டர் கார்டைப் பார்த்தார், வெளியே நின்ற காரைப் பார்த்தார். "அது இந்தியக் குடிமக்களுக்குத்தாங்க" என்றார்.

வீடு வரும்வரை தீவார் வாய் திறக்கவில்லை. ராத்திரி ஏஜென்டுக்குப் போன் போட்டு, அந்தத் தீவில் கார்டு எந்தக் கலர் என்று விசாரித்தார். ஏஜென்ட் நீலம் என்றார். பாஸ்போர்ட் அட்டையைக் கேட்கிறார் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

அதிலிருந்து விண்ணப்பம் கையெழுத்தாகாமல் லட்சுமி படத்துக்குக் கீழேயே இருக்கிறது. ஏஜென்ட் விடாமல் கூப்பிடுகிறார், விலை மறுபடியும் ஏறப்போகிறதாம். போன வாரம் அவர் கூப்பிட்டபோது தீவார் ரேஷன் கார்டுக்குக் கைரேகை பதியும் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

"சார், கையெழுத்து எப்பப் போடறீங்க?"

"இரு தம்பி. கட்டைவிரல் மிஷின்ல இருக்குது, மூணு தடவையா ரேகை வுழமாட்டேங்குது" என்றவர், பின்னாலிருந்து தள்ளியவரைத் திரும்பிப் பார்த்து, "யோவ், தள்ளாத. நான் காலையிலேர்ந்து நிக்கறன்" என்றார்.