பாண்டுகள் பலர், இயக்குநர்கள் ஐவர்

பகடி எனப்படுவது, ஊரறிந்த ஒரு படைப்பின் நடை உடை பாவனைகளை எடுத்துக்கொண்டு, அவற்றை அளவோடு மிகைப்படுத்திக் காட்டி, மூலத்தைச் சிரிப்புக்கு உரியதாக்கும் கலையாகும். இந்த இலக்கணத்தில் அளவு பற்றிய பகுதியை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை முழு மூச்சாகப் பின்பற்றியதன் விளைவு, 1967-ஆம் ஆண்டு வெளிவந்த ‘கேசினோ ராயல்’ என்னும் ஆங்கிலத் திரைப்படம். 131 நிமிடம் ஓடும் இப்படத்தைப் பார்த்தவர்கள் அன்று முதல் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கின்றனர். ஒரு கட்சி இதனைப் பெரும்பொருள் செலவிட்டு உண்டாக்கிய குப்பை என்கிறது, மற்றொன்று காலத்தை முந்திவிட்ட கலைப்படைப்பு என்கிறது. இவ்வழக்கின் விந்தை யாதெனில், இரு தரப்பும் சான்றாக நீட்டுவது அதே காட்சிகளைத்தான்.

படத்தின் பிறப்பு வரலாறு ஒரு பத்திரப் பிரச்சினையில் தொடங்குகிறது. இயான் ஃபிளெமிங் 1953-இல் எழுதிய முதல் ஜேம்ஸ் பாண்ட் நாவலின் திரைப்பட உரிமையை கிரெகரி ராடாஃப் என்பவர் 1955-இல் ஆறாயிரம் டாலருக்கு வாங்கி வைத்திருந்தார். அவர் 1960-இல் மறைந்த பிறகு அது சார்லஸ் ஃபெல்ட்மன் என்னும் தயாரிப்பாளரின் கைக்கு வந்தது. இதற்குள் ப்ரோக்கொலி, சால்ட்ஸ்மன் ஆகிய இருவர் ஃபிளெமிங்கின் பிற கதைகளைக் கொண்டு, ஷான் கானரியை நாயகனாக்கி, 1962 முதல் பாண்ட் படங்களை வெற்றிகரமாக எடுத்துவந்தனர். அவர்களோடு கூட்டுச் சேர ஃபெல்ட்மன் செய்த முயற்சி பலிக்கவில்லை. கதை கையில் இருந்தும் கானரி இல்லாதவர் நேரான பாண்ட் படம் எடுத்தால் அதனை ஊர் சிரிக்கும் என்று உணர்ந்த அவர், எப்படியும் சிரிக்கப் போகிறவர்களை முறையாகவே சிரிக்க வைத்துவிடலாம் என்று முடிவு செய்தார் போலும். அந்நாளில் உளவாளி மோகம் உலகெங்கும் தலைவிரித்து ஆடியது. அமெரிக்காவில் ‘கெட் ஸ்மார்ட்’ என்னும் தொலைக்காட்சித் தொடர் பாண்டைக் கேலி செய்துகொண்டிருக்க, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் ‘வல்லவன் ஒருவன்’ எடுத்து ஜெய்சங்கரை அதே வழியில் ஓடவிட்டது.

ஒரு படத்துக்கு ஓர் இயக்குநர் என்பது திரையுலகில் எழுதப்படாத சட்டம். இப்படத்தின் எழுத்து அட்டையிலோ ஜான் ஹூஸ்டன், கென் ஹியூஸ், வால் கெஸ்ட், ராபர்ட் பாரிஷ், ஜோ மெக்ராத் என ஐவர் பெயர்கள் உள்ளன. அவர்கள் ஒன்றாக அமர்ந்து இயக்கவில்லை. ஆளுக்கொரு பகுதியைத் தனித்தனியே எடுத்தனர். எழுத்தாளர் பட்டியல் இதனினும் நீண்டது. பெயர் போட்டுக்கொண்டவர் மூவர், போட்டுக்கொள்ளாதவர்களோ பென் ஹெக்ட், பில்லி வைல்டர், ஜோசப் ஹெல்லர் என ஒரு மாநாடு கூட்டும் அளவினர். இந்தத் துண்டுகளை இணைக்கும் பொறுப்பு வால் கெஸ்ட்டின் தலையில் விழுந்தது. அதற்காக அவருக்கு ‘ஒருங்கிணைப்பு இயக்குநர்’ என்ற பட்டத்தைத் தயாரிப்பாளர் அளிக்க முன்வந்ததாகவும், ஒருங்கிணைந்த படம் இதுதான் என்று உலகம் தன்னைக் கைகாட்டுமே என அஞ்சி அவர் மறுத்ததாகவும் கூறப்படுகிறது.

கதையைச் சுருக்கிச் சொல்வது இயலாத காரியம் எனினும், தொடக்கப் பகுதியைச் சற்று நின்று பார்க்கலாம். ஓய்வு பெற்று, சிங்கங்கள் உலவும் தோட்டமும் பியானோவுமாக வாழும் சர் ஜேம்ஸ் பாண்டை (டேவிட் நிவன்) மீண்டும் பணிக்கு அழைக்க நான்கு நாட்டு உளவுத் தலைவர்கள் வருகின்றனர். அவர் மறுக்கவே, அவரது மாளிகை மீது குண்டு வீசப்படுகிறது. அதில் அவரது மேலதிகாரியே மாண்டுபோகிறார். அதிகாரியின் உடலில் மிஞ்சியது அவர் தலையில் இருந்த பொய்முடி ஒன்றே. கண்ணியமே உருவான சர் ஜேம்ஸ் அம்முடியை உரிய மரியாதையுடன் எடுத்துக்கொண்டு, ஸ்காட்லாந்தில் உள்ள கோட்டைக்குச் சென்று, துக்கத்தில் இருக்கும் கைம்பெண்ணிடம் ஒப்படைக்கிறார். நிவனின் முகத்தில் ஒரு மயிரிழை அளவும் சிரிப்பு எட்டிப்பார்ப்பதில்லை. பகடி என்பதன் இலக்கணம் படத்தில் முழுமையாக நிறைவேறும் இடம் இதுவே எனலாம். பின்னர் எதிரிகளைக் குழப்பும் பொருட்டு உளவாளிகள் அனைவருக்கும், ஆண் பெண் பேதமின்றி, ஜேம்ஸ் பாண்ட் 007 என்றே பெயரிடுமாறு அவர் ஆணையிடுகிறார். எதிரிகள் குழம்பினார்களா என்பது படத்தில் தெளிவாகவில்லை.

சீட்டாட்ட மேசைக் காட்சி தனியே ஆராயத்தக்கது. ‘பக்காரட்’ என்பது கையில் உள்ள சீட்டுகளின் கூட்டுத்தொகை ஒன்பதை நெருங்குகிறதா என்று பார்க்கும் சூதாட்டம். அதில் பாண்டுகளில் ஒருவராக வரும் பீட்டர் செல்லர்ஸும் வில்லனாக வரும் ஆர்சன் வெல்ஸும் எதிரெதிரே அமர்ந்து மோதவேண்டும். அவ்விருவருக்கும் பொருத்தம் இல்லாமற்போகவே, ஒருவர் இருக்கும் அரங்கில் மற்றவர் இருக்க மறுக்கும் நிலை வந்து, காட்சியின் பெரும்பகுதி தனித்தனியே எடுத்து ஒட்டப்பட்டது. வெல்ஸோ நாவலில் இல்லாத ஜாலவித்தைகளை மேசையில் இருந்தபடியே செய்து காட்டுகிறார். வில்லன் ஏன் வித்தை காட்டவேண்டும் என்று கேட்கும் துணிவு ஐந்து இயக்குநர்களில் எவருக்கும் இருந்ததாகத் தெரியவில்லை. செல்லர்ஸ் தம் பகுதி முடியும் முன்பே படத்தை விட்டு விலகினார். ஆகவே கடத்தப்பட்ட நாயகியை மீட்கச் சூதாட்ட விடுதியின் வாசலுக்கு ஓடிவரும் அவர் எவ்வாறு பிடிபட்டார் என்பது காட்டப்படாமலே, அடுத்த கணம் வில்லனின் பிடியில் காணப்படுகிறார்.

உரையாசிரியர்களின் பிளவு இவ்விடத்தில் உச்சம் அடைகிறது. பழைய சுவடி பதிப்பிப்போர் இத்தகைய இடத்தில் ‘ஏடு சிதைந்துள்ளது’ என்று குறித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவர். இப்படத்தை வெறுப்போர் அந்த நெறியினர். நடிகர் போய்விட்டார், காட்சி இல்லை, அவ்வளவே என்பர். போற்றுவோரோ சிதைந்த ஏட்டுக்கும் உரை எழுத வல்லவர்கள். தொடர்ச்சி என்னும் பழைய மரபை உடைத்து, அடையாளமும் ஒழுங்கும் குலைந்த ஒரு காலத்தைப் படம் தன் வடிவத்திலேயே காட்டுகிறது என்பர். பெர்லின் நகரத்து உளவுப் பள்ளி கோணல் மாணலான சுவர்களோடு பழைய ஜெர்மானியப் பேசாப்படம் போல் அமைந்திருப்பதும், லண்டன் நடுவில் பறக்கும் தட்டு இறங்குவதும், இறுதிச் சண்டையில் குதிரைப்படையினரும் கடல் நாய்களும் ஒருங்கே புகுவதும் அவர்களுக்கு ஆழ்ந்த கருத்து. மற்றவர்களுக்கு, நிறுத்தச் சொல்ல ஆளில்லாத வீடு.

இவ்விரு கட்சிகளில் உண்மைக்கு அருகில் நிற்பது குறைகூறும் கட்சியே என்பதில் ஐயமில்லை. ஏனெனில் போற்றுவோர் சொல்லும் அந்தக் கருத்து, படம் எடுத்தவர் எவர் மனத்திலும் இருந்ததற்கு அடையாளம் இல்லை. எனினும் பார்க்க இன்பம் தருவது எது என்ற கேள்வியில் தராசு மறுபக்கம் சாய்கிறது. ஒரே தரத்தில் சுமாராக இருக்கும் படத்தைவிட, பொய்முடிக் காட்சி போன்ற ஒன்றைத் தந்துவிட்டு அரைமணி நேரம் வழிதவறித் திரியும் படம் நினைவில் தங்குகிறது. நாலரை அடிக்கு மேற்பட்ட ஆண்களை எல்லாம் ஒழித்துவிட்டுப் பெண்களை எல்லாம் அழகிகளாக்கும் கிருமியைப் பரப்பத் திட்டமிடும் குட்டை வில்லனாக வூடி ஆலன் வருவது கடைசிப் பகுதியில்தான். அதுவரை காத்திருக்கும் பொறுமை உள்ளவர்களுக்கு அது உரிய கூலி. நடிகராக அவருமே தம் முறைக்காகப் பல மாதம் லண்டனில் காத்திருந்தவர் என்பதால், பார்வையாளர்கள் இதில் குறைகூற இடமில்லை.

படம் தோற்றிருந்தால் வழக்கு எளிதில் தீர்ந்திருக்கும். ஆறு மில்லியன் டாலரில் தொடங்கிய செலவு ஏறத்தாழ இருமடங்காகி, விமர்சகர்கள் கிழித்துத் தோரணம் கட்டிய பிறகும், உலகளவில் நாற்பது மில்லியனுக்கு மேல் வசூலாகிவிட்டது. உடல் முழுதும் பச்சை குத்திய பெண்ணின் படம் போட்ட சுவரொட்டியே அதற்குக் காரணம் என்று வெல்ஸ் பின்னர் கருத்துத் தெரிவித்ததாகச் சொல்வர். இரு தரப்பும் சண்டையை நிறுத்திவிட்டுத் தலையாட்டுவது பர்ட் பக்கராக்கின் இசைக்கு மட்டுமே. டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடிய ‘தி லுக் ஆஃப் லவ்’ ஆஸ்கர் பரிந்துரை வரை சென்றது; படத்தின் இசைத்தட்டு, ஒலிக்கருவிகளின் தரத்தைச் சோதிப்போர் தேடி வாங்கும் பொருளாயிற்று. படத்தின் குறை எதுவும் தட்டில் பதிவாகவில்லை.

2006-இல் டேனியல் கிரெய்க் நடிக்க அதே நாவல் மீண்டும் படமானபோது, ஃபிளெமிங்குக்கு ஒருவழியாக நீதி கிடைத்தது என்று பழைய படத்தின் எதிரிகள் பெருமூச்சு விட்டனர். அப்புதிய படத்தில் நாயகன் ஆடுவது பக்காரட் அன்று, போக்கர் என்னும் வேறு சீட்டாட்டம். நாவலில் உள்ள ஆட்டத்தை மாற்றாமல் மேசையில் வைத்தது, கடல் நாய்களைச் சண்டைக்கு அனுப்பிய 1967-ஆம் ஆண்டுப் படம்தான்.