ஏத்தியாச்சு வாத்தியாரே, எறங்குச்சா?

பேராண்டி, காலேஜுல வாத்தியார் வேலைக்குச் சேந்துட்ட. ரொம்பச் சந்தோசம். உதவிப் பேராசிரியர்னு கதவுல பேரு கூட எழுதிட்டாகளாம். ஆனா ஒனக்கு ஒரு சங்கதி இன்னும் பிடிபடலைய்யா. இப்பல்லாம் "பாடம் நடத்துனியா?"ன்னு எவரும் கேக்க மாட்டாக. "ஏத்தியாச்சா?"ன்னுதான் கேப்பாக. எதை ஏத்த? பாடத்தை. எங்கிட்டு ஏத்த? எல்.எம்.எஸ்.ஸுங்கிற இணையப் பாடப் பெட்டியில. எதுக்கு ஏத்த? அதை மட்டும் கேக்கப்படாது. கேட்டா நீ பழைய ஆளு. என்னைய மாதிரி.

ஒனக்கு வந்த சர்க்குலரை நானும் கண்ணாடி போட்டுப் படிச்சேன். செமஸ்டர் தொடங்குறதுக்கு முந்தியே ஒன் பாடத்துக்கு எல்.எம்.எஸ்.ஸுல ஒரு எடத்தைத் தொறந்து வைக்கணும். வாரவாரியா என்ன நடத்தப் போறன்னு எழுதணும். வருகைப் பதிவு அன்னன்னைக்குப் போடணும். இன்டர்னல் மார்க்கு தேதி தப்பாம ஏறணும். ஒவ்வொரு பாடத்துக்கும் 'கோர்ஸ் அவுட்கம்' எழுதி, அதைப் 'புரோகிராம் அவுட்கம்'மோட முடிச்சுப் போட்டு, கட்டத்துக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணு குறிக்கணும். அம்புட்டையும் பொரட்டிப் பொரட்டிப் பாத்தேன். புள்ளைக்கு வெளங்குச்சான்னு எங்கிட்டாச்சும் ஒரு கட்டம் இருக்கும்னு தேடுனேன். காணோம்யா. மறந்துட்டாக போல. பெரிய எடம், மறதி இருக்கத்தான் செய்யும்.

அந்தக் கட்டக் கணக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு தெரியுமா? 2014-ல இந்தியா வாஷிங்டன் ஒப்பந்தத்துல நிரந்தர உறுப்பினரா சேந்துச்சு. எஞ்சினியரிங் படிப்புக்கான ஏற்பாடு அது. படிச்சு முடிச்ச புள்ளைக்கு என்ன செய்யத் தெரியணும்னு மொதல்ல முடிவு பண்ணு, அப்புறம் பாடத்தை நடத்துங்கிறதுதான் அதோட சாரம். கெட்ட யோசனையா? நல்ல யோசனைதான். பைய பைய அது கலைக் கல்லூரிக்கும் வந்துச்சு. வர்ற வழியில யோசனை உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுல எறங்கிக்கிருச்சு. கட்டம் மட்டும் வந்து சேந்துச்சு. இப்ப எந்தப் பாடமானாலும் மூணுன்னு போட்டா தப்பில்லையாமே? போன வருசம் இருந்தவரு போட்டதை அப்படியே எடுத்து ஒட்டுனா இன்னும் விசேசமாமே?

நம்ம தெருவுல காலேஜுக்குப் போற புள்ள ஒண்ணு, அவுக வாத்தியாரு ஏத்துன பாடத்தைச் செல்லுல காமிச்சுச்சு. கோடு போட்ட நோட்டு. பழுத்து ஓரம் அரிச்ச தாளு. செல்லுல போட்டோ புடிச்சுப் பி.டி.எப். ஆக்கிருக்காரு. ஒரு பக்கத்துல அவரு பெருவிரலும் சேந்து வந்திருக்கு. அடுத்த பக்கம் தலைகீழு. அதுக்கடுத்த பக்கத்துல பாடத்துக்கு நடுவுல பால் கணக்கு, எழுதி அடிச்சிருக்கு. ராத்திரி பதினொண்ணு அம்பத்தெட்டுக்கு ஏறிருக்கு. நேரா பச்சை டிக்கு. காலேஜுக்குத் திருப்தி. மேலிடத்துக்கு அறிக்கை. நான் அந்தப் புள்ளைகிட்ட, "படிச்சியா தாயி?"ன்னேன். "பரிச்சைக்கு மொத நா பாத்துக்கலாம் தாத்தா, வாட்ஸ்அப் குரூப்புல முக்கியமான கேள்வி வந்துரும்"னுச்சு. ஆக, ஏத்துனவரும் படிக்கல, எறக்குனதும் படிக்கல. நடுவுல பாவம் அந்த சர்வர்தான் ஒத்தையில முழுசாப் படிச்சிருக்கு.

வாத்தியாரைக் குத்தஞ் சொல்லி என்ன பண்ண? அவரை இப்படிப் பழக்குனது யாரு? பெங்களூருல நாக்குன்னு ஒரு அமைப்பு. 1994-ல வந்துச்சு. ஏழு தலைப்புல காலேஜை எடை போட்டு கிரேடு குடுத்துக்கிட்டு இருந்துச்சு. வாத்தியாரு கம்ப்யூட்டரு, இணையம் வச்சுப் பாடம் நடத்துறாரான்னு அதுல ஒரு கேள்வி இருந்துச்சு. நியாயமான கேள்வி. பதிலுக்கு ஆதாரம் வேணும்ல? ஆதாரம்னா என்ன? ஸ்கிரீன்ஷாட்டு. அந்தப் பக்கம் யு.ஜி.சி. 2018-ல போட்ட விதியில, நாலு கிரெடிட்டுக்கு முழு ஆன்லைன் கோர்ஸ் ஒண்ணு தயாரிச்சா 20 புள்ளி. சாயங்காலம் மணி அடிச்சப்புறம், பஸ்ஸை விட்டுட்டு, வெளங்காத புள்ளைக்கு மறுக்காச் சொல்லிக் குடுத்தா எம்புட்டுப் புள்ளி? அந்தப் பட்டியல்ல தேடிப் பாரு. கண்ணு வலிக்கும்.

ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னாக பெரியவுக. இவுக அளக்குறதோட சரி. போட மறந்துர்றாக.

இந்தக் கூத்து நம்மூருக்குப் புதுசா என்ன? நூறு நாள் வேலையில பாக்கலையா? கம்மாக் கரையில ஆளு நிக்கிறதைக் காலையில ஒருக்க, மத்தியானம் ஒருக்க போட்டோ புடிச்சு ஆப்புல ஏத்தணும்னாக. 2023 சனவரியிலேருந்து கட்டாயம்னாக. ஏமாத்தே இருக்காதுன்னாக. 2025 சூலையில டெல்லி அமைச்சகமே கடுதாசி எழுதுச்சு: வேலைக்குச் சம்பந்தமில்லாத படம் ஏறுது, போட்டோவையே போட்டோ புடிச்சு ஏத்துறாகன்னு. பாத்துக்கோ. வரப்பு வெட்டுனாகளான்னு பாக்கணும்னா வரப்பைப் பாக்கணும். படத்தைக் கேட்டா படந்தான் வரும். வெள்ளச் சட்டை போட்ட வாத்தியாரானாலும், மம்பட்டி பிடிச்ச கெழவியானாலும், எதைக் கேக்குறயோ அதைத்தான குடுப்பாக?

சரி, கெழவன் கம்ப்யூட்டரே வேணாங்கிறான்னு நெனச்சிராத. நான் அம்புட்டுக் கூறுகெட்டவன் இல்ல. தூரத்துல இருந்து படிக்கிறது நமக்குப் பழக்கமான சோலிதான். நம்ம எழுமலையிலேருந்து மதுரைக்குப் போற பஸ்ஸு, உசிலம்பட்டி, செக்கானூரணி தாண்டி பல்கலை நகர் வாசல் வழியாத்தான் போகுது. 1966-ல வந்த மதுரைக் காமராசர் பல்கலைக்கழகம் அங்கிட்டுத்தான இருக்கு. தெ.பொ.மீ. மொதத் துணைவேந்தரு. அவருக்கப்புறம் மு.வ. அந்த மனுசன் 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு'ன்னு கடுதாசி மாதிரியே புத்தகம் எழுதி ஊருக்கெல்லாம் பாடஞ் சொன்னவரு. அந்தப் பல்கலைக்கழகத்துல 1970-களிலேயே தபால் படிப்பு நடந்துச்சு. "கரஸ்ல பி.ஏ. பண்றேன்"னு சொல்லாத வீடு இந்தப் பக்கம் கொஞ்சந்தான். பகல்ல வேலை, ராத்திரி படிப்பு. தபால்காரரு கட்டுக் கட்டாப் பாடத்தைக் கொண்டாந்து போடுவாரு. சந்தேகம்னா தொடர்பு வகுப்புக்கு மதுரைக்குப் போவாக. அதுலயும் படிக்காம வச்சுக் கரையானுக்குக் குடுத்தவுக உண்டு. படிச்சு ஆபீசுல போய் உக்காந்தவுகளும் உண்டு.

நீங்க கும்புடுற இந்த எல்.எம்.எஸ்.ஸும் அப்படி ஒரு தேவையிலதான் பொறந்துச்சு. மூடுல்னு ஒண்ணு இருக்குல்ல, ஓசியில எந்தக் காலேஜும் எடுத்து வச்சுக்கிறது? அதைச் செஞ்சவரு மார்ட்டின் டூகியாமாஸ்னு ஒரு ஆஸ்திரேலியாக்காரரு. சின்ன வயசுல பாலைவனத்துக்குள்ள ஒரு குடியிருப்புல வளந்தாராம். பக்கத்துல பள்ளிக்கூடம் கெடையாது. வாத்தியாரு ரேடியோவுல பேசுவாரு. பாடம் விமானத்துல வந்து எறங்கும். பெரியவராகி, பெர்த்துல கர்டின் பல்கலைக்கழகத்துல, காசு குடுத்து வாங்குன வேற ஒரு மென்பொருளோட மல்லுக்கட்டி அலுத்துப்போய், இதை எழுதி 2002-ல வெளியில விட்டாரு. புள்ளைக பேசணும், ஒண்ணுக்கொண்ணு கேட்டுக்கணும், சேந்து கத்துக்கணுங்கிறதுதான் அவரு நெனப்பு. நம்ம ஆளுக என்ன பண்ணாக? பேசுற எடத்தைப் பூட்டி வச்சுட்டு, ஏத்துற எடத்துக்கு மட்டும் கெடு வச்சாக.

டெல்லிக்காரவுக ஸ்வயம்னு ஒண்ணை 2017 சூலையில தொறந்தாக. அதுலயும் நாலு பகுதி: வீடியோ, படிக்கிற பாடம், கலந்துரையாடல், சோதனை. 2021-ல, ஒரு செமஸ்டர் பாடத்துல 40 சதம் வரைக்கும் அதுலயே படிச்சு கிரெடிட்டு வாங்கலாம்னுட்டாக. எங்கயோ ஐ.ஐ.டி. வாத்தியாரு நடத்துறதை எழுமலைப் புள்ள கேக்குதுன்னா அது சாமானியமா? பெருமைதான். ஆனா அது கேட்டுட்டு முழிக்கும்போது பக்கத்துல ஒரு ஆளு வேணும்ல? அந்த ஆளு நீதான்டா. நீ அந்நேரம் எங்க இருக்க? ஓ.டி.பி. வரலைன்னு செல்லைத் தட்டிக்கிட்டு இருக்க.

கொரோனாவுல பாத்தோமே. வீட்டுக்கு ஒரு செல்லு, அதுவும் அப்பன் சட்டைப் பையில. 2021 சனவரியிலேருந்து ஏப்ரல் வரைக்கும் கவர்மெண்டு 9 லட்சத்து 69 ஆயிரம் காலேஜுப் புள்ளைகளுக்கு நாளைக்கு 2 ஜி.பி. டேட்டா குடுக்குறோம்னு சொல்லுச்சு. நல்ல காரியம். டேட்டா வந்துச்சு, டவர் வரணுமே? விதி எழுதுறவுக ஏ.சி. ரூமுல வை-ஃபையில எழுதுறாக. படிக்கிற புள்ள மச்சுப்படியில ஏறி நின்னு தேடுது. வாத்தியாரு எரநூறு எம்.பி. வீடியோவை ஏத்திப்புட்டு, "ஏன் பாக்கல?"ன்னு வையிறாரு.

இப்ப நான் சொல்றதைக் கேளு. விதியே வேணாம்னு சொல்லல. வேண்டிய விதி நாலு இருக்கு. அதை எவரும் பெரிய எழுத்துல போடுறதில்ல.

மொத விதி. மார்க்கை வாட்ஸ்அப் குரூப்புல போடாத. ஒருத்தன் மூணு மார்க்கு வாங்குனது அவனுக்கும் ஒனக்கும் மட்டுந்தான் தெரியணும். ஊருக்கே தெரிஞ்சா அவன் படிக்கவா செய்வான்? காலேஜை விட்டே ஓடுவான். தனிமனுசன் தகவலைக் காப்பாத்த 2023-ல சட்டமே போட்டுட்டாக. மார்க்கு, விலாசம், சாதிச் சான்று அம்புட்டும் பூட்டுப் போட்ட எடத்துல இருக்கணும். அதுக்கு எல்.எம்.எஸ். நல்ல பெட்டி.

ரெண்டாவது, அந்தப் பூட்டுக்குச் சாவியை ஆபீசுப் பையன்கிட்ட குடுக்காத. "தம்பி, என் பாஸ்வேர்டு இதுதான், நீயே ஏத்திரு"ன்னு சொல்ற வாத்தியாரு எம்புட்டுப் பேரு? நாளைக்கு மார்க்கு மாறிருச்சுன்னா கையைக் கட்டி நிக்கப் போறது நீ.

மூணாவது, கேள்விக்குப் பதிலு. வாரத்துல இன்ன நா, இன்ன நேரம் பதில் சொல்வேன்னு எழுதிப் போடு. போட்டா சொல்லு. ராத்திரி ஒரு மணிக்குப் பதில் போட்டுப் பேரு வாங்க வேணாம். நித்தம் போனா முத்தம் சலிக்கும். பொழுதன்னைக்கும் டிங்கு டிங்குன்னு அறிவிப்பு அனுப்புனா, புள்ளைக அந்தச் சத்தத்தையே அணைச்சு வச்சுருங்க.

நாலாவதுதான் முக்கியம். எழுதுனது யாருக்குச் சொந்தம்? 1957 பதிப்புரிமைச் சட்டத்துல, சம்பளத்துக்கு இருக்கிறவன் வேலையில எழுதுனதுக்கு, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லைன்னா, வேலை குடுத்தவருதான் மொத உரிமைக்காரரு. கௌரவ விரிவுரையாளரா இருக்கிற ஒன் சேக்காளி தொண்டை கட்டப் பேசி வீடியோ ஏத்துறான். அடுத்த வருசம் அவன் வேலையில இருப்பானான்னு அவனுக்கே தெரியாது. வீடியோ இருக்கும். அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முந்தி, "நான் போனப்புறம் இதை என்ன பண்ணுவீக?"ன்னு ஒரு வார்த்தை கேட்டு, எழுத்துல வாங்கு. கேக்குறதுக்கு வெக்கப்படாத. நெலத்துப் பத்திரத்தைப் படிக்காம கைநாட்டு வச்சவன் கதை நம்மூருல ஏராளம்.

இன்னொண்ணு. யு.ஜி.சி. விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, எல்லாஞ் சேத்து 40 மணி நேர வேலை. ஏத்துற சோலி அந்த 40-க்குள்ளயா, வெளியிலயான்னு பணிவாக் கேளு. "சேவைதானே"ம்பாக. 2024-ல மதுரைக் காமராசர் பல்கலைக்கழகத்துலயே சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் ஆளுக போராட்டம் பண்ண வேண்டி வந்துச்சு. சேவைக்குக் கெடு தேதி வைக்கத் தெரிஞ்ச ஊருல, சம்பளத்துக்கும் ஒண்ணு வைக்கலாம்ல? நான் சும்மா கேக்குறேன்ப்பா.

கடைசியா ஒரு யோசனை. சர்க்குலர்ல கேட்ட அம்புட்டுக் கட்டத்தையும் ரொப்பிக் குடுத்துரு. அடம் புடிச்சு வேலையைக் கெடுத்துக்காத. ஆனா நீயா ஒரு கட்டத்தைச் சேத்துக்கோ. 'இந்த வாரம் எங்கிட்ட வந்து கேள்வி கேட்ட புள்ளைக யாரு, என்ன கேட்டுச்சுக?' ரெண்டு வாரம் அது வெறுமனே கெடந்தா, ஒன் பாடத்துல எங்கயோ கோளாறுன்னு அர்த்தம். மூணாவது வாரம் மாத்தி நடத்திப் பாரு. ரொம்புச்சுன்னா எந்தக் கமிட்டி வந்தாலும் பயப்படாத. மத்த கட்டத்தையெல்லாம் போன வருசத்துல இருந்து காப்பியடிக்கிறவுகளும் உண்டு, ஆபீசுப் பையன்கிட்ட தள்ளிவிடுறவுகளும் உண்டு. இதை மட்டும் நீயும் அந்தப் புள்ளையும் நேருக்கு நேரா உக்காந்தாத்தான் ரொப்ப முடியும்.