மாப்ளே, மணி அடிச்சா யாரு வருவா?

மாப்ளே, வீட்டு அலாரம் பழசாப் போச்சு, ஒக்கிட்டு ஓட்டுறதா, கழட்டி வீசிட்டுப் புதுசு மாட்டுறதான்னு போறவன் வர்றவன்கிட்டயெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியிறியாம். கேக்குறது தப்பில்ல. ஆனா டீக்கடை பெஞ்சுல உக்காந்து, “எங்க வீட்டு அலாரம் வேலை செய்யலண்ணே”ன்னு தெரு முக்கு வரைக்கும் கேக்குற மாதிரிச் சொன்னியாமே. களவாணிப் பயலுக்கு வெத்தல பாக்கு வச்சு அழைச்ச முத ஆளு நீதான்யா. எங்க அக்கா உன்னையப் படிக்க வச்சது வீண் போகல.

புதுசு ஏன் வேணும்னு கேட்டா, கீபேடு மஞ்சளாப் போச்சு, செல்லுல ஆப் வரலங்குற. மணப்பாறைச் சந்தையில மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாத்துத்தான் விலை பேசுவான். நீ என்னடான்னா கொம்புல பெயிண்டு போச்சேன்னு அழுவுற. கீபேடும் ஆப்பும் கொம்புதான் மாப்ளே. இதுக்குப் பல்லு வேற எடத்துல இருக்கு. வா, வாயைத் தொறந்து பாப்போம்.

மொதல்ல கதவுல இருக்குற காந்தம். கதவுல ஒரு காந்தம், நெலையில ஒரு சின்ன சுவிட்சு. சாத்தியிருக்குற வரைக்கும் காந்தம் சுவிட்சைப் பிடிச்சு வச்சிருக்கும். தெறந்தா விட்டுரும், அலாரப் பொட்டிக்குச் சேதி போயிரும். அம்புட்டுதான் சூட்சுமம். கதவைத் தெறந்தா மின்சார மணி அடிக்கிற ஏற்பாட்டுக்கு அமெரிக்காவுல அகஸ்டஸ் போப்னு ஒருத்தர் 1853லயே காப்புரிமை வாங்கிட்டாராம், பேத்தி படிச்சுச் சொன்னா. இன்னைக்கு விக்கிற பளபளப்பு டப்பாவுலயும் கதவுக்கு அதே வேலைதான் நடக்குது. துருப் பிடிக்காம, எலி கம்பியைக் கடிக்காம இருந்தா அது பாட்டுக்கு இருக்கும். வீடு கட்டும்போதே செவுத்துக்குள்ள பைப்பு விட்டு இழுத்த கம்பி உன்னது. அதைப் பிடுங்கிட்டு எல்லாத்தையும் ஒயர்லெஸ்ஸாப் போடுங்கன்னு ஒருத்தன் சொன்னா, ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு பேட்டரியை யாரு மாத்துறதுன்னு கேளு. சொவத்துக் கடியாரத்துக்கு செல்லு மாத்த தீவாளி வரைக்கும் காத்திருக்கிற ஆளு நீ.

அடுத்தது பொட்டிக்குள்ள இருக்குற பேட்டரி. பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர்னு செங்கல்லு மாதிரி கனமா ஒண்ணு கிடக்கும். அது மூணு வருசம், மிஞ்சிப் போனா அஞ்சு வருசம். நம்மூரு வெயிலுக்கு அதுக்கும் முன்னாடியே மண்டையப் போட்டுரும். உன் வீட்டுல பொட்டியை எங்க மாட்டியிருக்க? மாடிப்படிக்குக் கீழ, காத்தே போகாத பொந்துல. கிரகப்பிரவேசத்தப்ப வச்ச பேட்டரியை இன்னும் தொடல. கரண்டு இருக்குற வரைக்கும் பச்சை லைட்டு எரியும், நீயும் எல்லாம் நல்லாருக்குன்னு நம்பிக்கிட்டு தூங்குவ. மீட்டர்ப் பொட்டியும் மெயின் சுவிட்சும் வாசத்திண்ணையில தெருவைப் பாத்துல்ல இருக்கு? வர்றவன் அதை இறக்கிட்டுத்தானய்யா வருவான். ஒருநா ராத்திரி நீயே மெயினை இறக்கிட்டு, பின்கதவைத் தெறந்து பாரு. ஊரு எந்திரிச்சா பேட்டரி நல்லாருக்கு. கோழி ஏப்பம் விட்ட மாதிரி ஒரு சத்தம் வந்து அடங்குச்சுன்னா மாத்து. அலாரத்தையே மாத்தணும்னு நீ நெனைக்கிற சீக்குல பாதி இந்தப் பேட்டரிச் சீக்குதான்.

இனிமே வர்றதுதான் நெசமான வில்லங்கம். மணி அடிச்சா அது யாருக்குச் சொல்லுது? உன் பொட்டி லேண்ட்லைன் வழியா உனக்குப் போன் போடுற மாதிரி வச்சது. அந்த லேண்ட்லைனைத்தான் நீ என்னைக்கோ சரண்டர் பண்ணிட்டியே. கம்பி மட்டும் செவுத்துல தொங்குது, பொட்டி பாவம், அதுல பேசிக்கிட்டே இருக்கு. அப்புறம் எவனோ சொன்னான்னு சிம் போடுற டயலர் ஒண்ணு வாங்கி வச்ச. அது 2ஜிக்குச் செஞ்ச சாமான். அதுல ஜியோ சிம்மைச் சொருகியிருக்க. ஜியோவுல 2ஜியே கிடையாது மாப்ளே, பொறந்ததுலருந்து 4ஜி. வேற கம்பெனி சிம்மைப் போட்டாலும் ரீசார்ஜ் பண்ணணும். பேசாத சிம்முக்கு எதுக்குக் காசுன்னு நீ விட்டுருவ. பேசாம இருக்குறதுதான் அந்த சிம்முக்கு உத்தியோகமே. பேசுற அன்னைக்கு உன் பீரோ காலி. இந்த எடத்துல மட்டும் நான் செலவு பண்ணுன்னு சொல்லுவேன். 4ஜி டயலர் உன் பழைய பொட்டியோட சேருமான்னு கேளு. சேரலன்னா பொட்டியை மட்டும் மாத்து. பழைய கம்பியை அப்படியே வாங்கிக்கிற பொட்டியாக் கேளு. கம்பி முனையில சின்னதா ரெசிஸ்டர்னு ஒண்ணு இருக்கும், அதோட அளவு பொட்டிக்குப் பொட்டி மாறும். தெரிஞ்ச ஆளு அதை மாத்திப் போட்டுக் காந்தத்தையெல்லாம் அப்படியே ஓட்டுவான். தெரியாத ஆளு, “சார், வயரிங் எல்லாம் போச்சு”ம்பான்.

புதுசா மாட்ட நெனைக்கிற அந்த வைஃபை அலாரத்தைப் பத்தி ரொம்பப் பீத்துனியே. மெயினை இறக்குனா அதுக்குள்ள பேட்டரி இருக்கும், சரி. உன் மோடத்துக்கு? மோடம் செத்தா செல்லுக்குச் சேதி எப்படிப் போகும், காக்கா கொண்டு போகுமா? மோடத்துக்கு ஒரு குட்டி யூபிஎஸ் வை, இல்ல சிம்மும் சேந்த பொட்டியா வாங்கு. சேதி போனாலுந்தான் என்ன, ராத்திரி பத்து மணிக்கு மேல செல்லை சைலண்ட்ல போட்டுட்டுக் கொறட்டை விடுற ஆளு. பக்கத்து வீட்டு வாத்தியார் நம்பரையும் அதுல ஏத்து. அவருக்குத்தான் வயசாகித் தூக்கம் வரமாட்டேங்குது.

ஹால்ல மூலையில மாட்டுன சென்சார் இருக்கே, அதை நீ அணைச்சு வச்சிருக்கன்னு உன் பொண்டாட்டி சொல்லிருச்சு. பல்லி ஓடுனா கத்துதாம். அது ஆளைப் பாக்குறதில்ல மாப்ளே, நகர்ற சூட்டைப் பாக்குது. அதோட லென்சு மேலயே பல்லி ஏறுனாலும், சிலந்தி வலை பின்னுனாலும், ஏசி காத்து நேரா அடிச்சாலும் அதுக்குக் கொழப்பந்தான். தொடச்சு விடு, எடத்தை மாத்து. சித்திரை வெயில்ல செவுரும் மனுசனும் ஒரே சூட்டுல இருந்தா அதுக்குக் கண்ணு மங்கவும் செய்யும். சூட்டோட சேத்து அலையையும் வச்சுப் பாக்குற ரெட்டைச் சென்சார் விக்குது. ஹாலுக்கு மட்டும் ஒண்ணு போடு, போதும். பல்லிக்குப் பயந்து காவக்காரனைத் தூங்கச் சொன்ன வம்சம் நம்ம வம்சம்னு நாளைக்கு யாரும் பேசக்கூடாது.

கீபேடுல அழுத்துற ரகசிய நம்பரை மாத்துனியா? இன்னும் 1234 தான? பால்காரருக்கே தெரியுதே. மாட்டுன ஆளு வச்சிருக்குற நம்பர் தனியா ஒண்ணு உண்டு, அதையும் சேத்து மாத்தச் சொல்லு. 2016ல மிராய்ன்னு ஒரு வைரஸு வந்துச்சே, கம்பெனியில வச்ச பாஸ்வேர்டை மாத்தாம விட்ட கேமரா மாதிரிச் சாமானையெல்லாம் லட்சக்கணக்குல பிடிச்சு, அதுங்களை வச்சே இன்டர்நெட்டை நெரிச்சுச்சு. சோம்பேறிக உலகம் பூரா இருக்காங்க, நீ தனியா இல்ல.

அதனால என் தீர்ப்பு இதுதான். காந்தமும் கம்பியும் சத்தம் போடுற ஹூட்டரும் கிடக்கட்டும். பேட்டரியை இந்த வாரமே மாத்து. சேதி சொல்ற வழியைச் சரி பண்ணு, அதுக்குப் பழைய பொட்டி எடம் குடுக்கலன்னா பொட்டியை மாத்து. சாமானே கிடைக்காத பொட்டி, ரிப்பேர் பாக்கவும் ஆளு இல்லைன்னா யோசிக்காத, கும்பிடு போட்டு அனுப்பிரு. மிச்சக் காசுக்குப் பின்வாசலுக்கு நல்ல இரும்புத் தாழ்ப்பாளா ஒண்ணு போடு. இப்ப இருக்குறதை நானே தோளால ஒரு தள்ளு தள்ளித் தெறந்துருவேன். ஊருக்குப் போறப்ப போலீஸ் டேசன்ல ஒரு வார்த்தை சொல்லி வை, பூட்டுன வீட்டை ரோந்துல ஒரு பார்வை பாப்பாங்க. கொடைக்கானல் போட்டோவை வாட்சப்புல வீட்டுக்குத் திரும்பி வந்தப்புறம் போடு மாப்ளே.