நுரைக்காத சோப்பு, வேகாத பருப்பு

கேள்வி: எங்கள் வீட்டு போர் தண்ணீரில் எவ்வளவு தேய்த்தாலும் சோப்பு நுரைப்பதில்லை. போலிச் சோப்பா?

பதில்: சோப்பு நல்லதாகத்தான் இருக்கும். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் முதல் பந்தியில் உட்கார்ந்து அதைச் சாப்பிட்டுவிடுகின்றன. வாளி ஓரத்தில் வெள்ளையாக ஒட்டும் பிசுக்கு அந்தப் பந்தியின் எச்சில் இலை. அவை பசியாறிய பிறகுதான் நுரை வரும்.

கேள்வி: எட்டு விசில் விட்டும் துவரம்பருப்பு முழித்துக்கொண்டு நிற்கிறதே?

பதில்: பழைய பருப்பு எந்தத் தண்ணீரிலும் சண்டித்தனம் செய்யும், முதலில் அதைப் பாருங்கள். புதுப் பருப்பும் முழித்தால் மறுபடி அதே கால்சியம்தான். பருப்பின் செல்களைப் பிணைத்திருக்கும் பெக்டினை அது இறுக்கிவிடுகிறது. பிடித்துவைத்த மழைத்தண்ணீரில் ஒருநாள் வேகவைத்துப் பாருங்கள், வித்தியாசம் கரண்டியிலேயே தெரியும். மழை இல்லாத மாதத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்த வெள்ளையை அசைக்காமல் மேலாக இறுத்து உலை வையுங்கள். பைகார்பனேட்டால் வந்த கடினம் இதில் போய்விடும். சல்பேட்டாலும் குளோரைடாலும் வந்தது போகாது.

கேள்வி: கொதிக்கவைத்துவிட்டால் எந்தத் தண்ணீரும் நல்ல தண்ணீர்தானே?

பதில்: கிருமியைப் பொறுத்தவரை சரி. உப்பும் ஃபுளோரைடும் கொதிக்குப் பயப்படாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அவற்றின் அடர்த்தி கூடவே செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். நிறமும் இல்லை, மணமும் இல்லை, நாக்குக்கும் பிடிபடாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் விறைத்துப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் அந்த மாவட்டங்களுக்குப் போனது இதற்காகத்தான். ஆகவே பிள்ளையின் பல்லில் கறையைக் கண்டு ‘ஒழுங்காகத் தேய்’ என்று அதட்டாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்ட ஆய்வகங்கள் உண்டு. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

கேள்வி: ஆர்.ஓ. விற்க வந்தவர் மீட்டரை விட்டு, ‘டி.டி.எஸ். 30, அமிர்தம்’ என்கிறார். உண்மையா?

பதில்: அந்த மீட்டர் அளப்பது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்பதை. அதை வைத்து, கரைந்த உப்புகளின் மொத்தத்தைக் கணக்காகக் காட்டுகிறது. எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. கிருமி இருந்தாலும் சொல்லாது. 500 வரை குடிக்க ஏற்றது என்பதே விதி. உங்கள் வீட்டுத் தண்ணீர் 300 காட்டி, ஆய்வகச் சோதனையிலும் தேறிவிட்டால் அந்த இயந்திரம் வேண்டாம். ஒரு லிட்டர் தர இரண்டு மூன்று லிட்டரைச் சாக்கடைக்கு அனுப்பும். ஏற்கெனவே வாங்கியிருந்தால் கழிவுக் குழாயின் கீழ் ஒரு வாளி வையுங்கள். வீடு துடைக்க ஆகும்.

கேள்வி: அதே ஆர்.ஓ. தண்ணீரை இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றலாமா?

பதில்: கூடாது. நமக்கு ருசி தரும் அந்தக் கொஞ்ச உப்பும் பேட்டரித் தகட்டுக்கு ஆகாது. காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுமே.

கேள்வி: இறைக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், குடத்தில் ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகிறதே?

பதில்: இரும்பு. நிலத்துக்கடியில் காற்றுப் படாமல் கரைந்து கிடந்தது, வெளியே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிறது. வெள்ளைத் துணியை அதில் நனைக்காதீர்கள்.

கேள்வி: மதுரையில் சில்லென்று இருந்த மண்பானைத் தண்ணீர் சென்னையில் ஏன் அப்படி இல்லை?

பதில்: பானை வியர்த்தால்தான் தண்ணீர் குளிரும். வெளியே கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளிருக்கும் சூட்டை எடுத்துப்போகிறது. சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் பானையின் ஈரம் அவ்வளவு சுலபமாக ஆவியாவதில்லை. சன்னலோரம், காற்றோட்டத்தில் வையுங்கள்.

கேள்வி: மழைத்தண்ணீரைக் குடிக்கலாமா?

பதில்: தாராளமாக. ராமநாதபுரம் பக்கம் நிலத்தடி நீர் உப்புக் கரிக்கும் ஊர்களுக்கு, மழையைத் தேக்கிய ஊருணிதான் தலைமுறை தலைமுறையாக நல்ல தண்ணீர். முதலில் குடிப்பவர்களுக்குச் சப்பென்று இருக்கும். உப்பில்லாத தண்ணீரின் ருசி அதுதான். பருவத்தின் முதல் மழையில் மாடியின் தூசியும் எச்சமும் கழுவிப் போகட்டும். அடுத்த மழைக்கு வெள்ளை வேட்டியை நாலாக மடித்துக் கட்டிப் பிடியுங்கள். குடிக்குமுன் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள்.