முன்னும் பின்னும் ரெண்டு ரூபாய்

நொடித்துக்கொண்டிருக்கும் தொழிலுக்கு யோசனை சொல்ல நம் ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. ஓகோவென்று ஓடும் கடைக்கு யாரும் யோசனை சொல்ல மாட்டார்கள். அங்கே கடன் கேட்கத்தான் போவார்கள். தாலுகா ஆபீசுக்கு எதிரே என் மைத்துனன் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் வாடிக்கையாளர் குறையக் குறைய, யோசனைக்காரர்கள் கூடினார்கள். கடையில் இருந்த இரண்டு ஸ்டூலும் அவர்களுக்கே சரியாகப் போயிற்று. அவர்களுக்கு வாங்கிக் கொடுத்த டீயின் கணக்கு டோனர் கணக்கை எட்டிப் பிடித்தது.

எண் கணித ஜோசியர் ஒருவர், கடையின் ஆங்கிலப் பெயரில் ஒரு 'ஹெச்' குறைகிறது, சேர்த்துவிட்டால் சுக்கிரன் வந்து உட்கார்ந்துகொள்வான் என்றார். சேர்த்தோம். சுக்கிரன் வரவில்லை, ஃபிளெக்ஸ் அடித்தவரின் பில் வந்தது. சென்னையில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணன், "பாரிமுனை ஆண்டர்சன் தெருவுல மொத்தமா பேப்பர் எடு, கட்டுக்குப் பதினஞ்சு ரூபா மிச்சம்" என்றார். மிச்சமான பதினைந்து ரூபாயை லாரி ஆபீஸ் வாங்கிக்கொண்டது. எதிர்வீட்டு சாஃப்ட்வேர் பையன் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடச் சொன்னான். மெஷினிலிருந்து பேப்பர் வெளியே வருவதை எத்தனை கோணத்தில்தான் படம் பிடிப்பது? போட்ட ரீலுக்கு இரண்டு லைக் விழுந்தது. ஒன்று என் மனைவி போட்டது. இன்னொன்று, என் போனை எடுத்து அவளே போட்டது.

கடைசியில் தீர்ப்பையும் அவளே சொன்னாள். "பேங்க்ல ஊர்ல உள்ளவன் கணக்கையெல்லாம் பார்த்து ரிட்டயர் ஆனீங்க. என் தம்பி கணக்கை மட்டும் பார்க்க முடியலையாக்கும்!" ஓய்வு பெற்றவனுக்கு இதைவிடத் தெளிவான நியமன உத்தரவு வேண்டியதில்லை.

போனதும், என் துறை அனுபவத்தையெல்லாம் திரட்டி ஒரு சீர்திருத்தம் செய்தேன். கடைப் பேனாவை நூலில் கட்டினேன். மறுநாள் அது நூலோடு போயிருந்தது.

பிறகு கணக்கைப் பிரித்தோம். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு 250 ரூபாய். தாள் ஒன்று 50 பைசா. டோனர், டிரம், பிளேடு, மெக்கானிக் எல்லாவற்றையும் தாள் கணக்கில் போட்டால் இன்னொரு 30 பைசா. ஒரு ரூபாய் வாங்கும் பிரதியில் நிற்பது 20 பைசா. வாடகை, கரண்ட், மைத்துனனின் குடும்பம் எல்லாம் அதற்குள் குடியிருக்க வேண்டும். அந்த ஒரு ரூபாய்க்கு வாடிக்கையாளர் எதிர்பார்ப்பவையோ வேறு: ஒரு ஸ்டேப்ளர் பின், கொஞ்சம் கோந்து, குடிக்கத் தண்ணீர், போனுக்குக் கொஞ்சம் சார்ஜ், 500 ரூபாய்க்குச் சில்லறை, "ஆபீசர் வந்துட்டாரா?" என்ற கேள்விக்குச் சரியான பதில். ஆபீசரின் டிரைவருக்குக்கூட அது அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. என் மைத்துனனுக்குத் தெரியும்.

இந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் 'ஜெராக்ஸ் 75 பைசா' என்று போர்டு வைத்தார். 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்ட நாட்டில் இது துணிச்சலான விலைதான். ஒற்றைப் பிரதி எடுத்தவருக்குப் பாக்கியை எதில் கொடுப்பது? அவர் ஆரஞ்சு மிட்டாயில் கொடுத்தார். மைத்துனனுக்கு ரத்தம் கொதித்துவிட்டது. 60 பைசா என்று பதில் போர்டு எழுத உட்கார்ந்தான்.

"வால்யூம் வந்தா எல்லாம் சரியாயிடும் அத்தான்."

80 பைசா அடக்கத்தை 60 பைசாவுக்குக் கொடுத்தால், வால்யூம் வரும்போது நஷ்டமும் வால்யூமாகத்தான் வரும் என்று விளக்கினேன். புரிந்தது என்றான். ஸ்கெட்ச் பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை. நான்தான் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மெஷின் ஒரு தனிப் புராணம். ஏதோ வெளிநாட்டு ஆபீசில் உழைத்து ஓய்வு பெற்று, கண்டெய்னரில் சென்னைக்கு வந்து, துடைத்து மினுக்கப்பட்டு, 'புதுசு மாதிரி' என்ற பட்டத்தோடு எங்கள் ஊருக்கு வந்தது. ரிட்டயர் ஆன பிறகும் என் மனைவியின் பிறந்த வீட்டுக்கு உழைக்க வந்த ஜீவன் என்பதால் அதன்மேல் எனக்குச் சகோதர பாசம் உண்டு. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் பேப்பர் ஈரம் குடித்துவிடும். உள்ளே போனது வெளியே வராது. டெல்டாக்காரர்களுக்கு வடகிழக்குப் பருவமழை நடவுக்கு உதவும். எங்களுக்கு அது பேப்பர் ஜாம் பருவம். மைத்துனன் அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிட்டுப் பேப்பர் கட்டுகளைக் காயவைத்தான். "குஞ்சு பொரிக்க வச்சிருக்கியா தம்பி?" என்று விசாரித்துவிட்டுப் போனார் ஒரு பெரியவர்.

ஒருநாள் மெஷினுக்குள்ளிருந்து கருகல் வாசனை. மைத்துனன் மெயின் சுவிட்சை அணைக்கும் முன் தெருவுக்கு ஓடிவிட்டான். மெக்கானிக் வந்து சிரித்தார். "டோனர்ங்கிறது வெறும் பொடி சார். அதைப் பேப்பர்ல உருக்கி ஒட்ட வைக்கிறதே சூடுதான். தாள் அங்க மாட்டிக்கிட்டா கருகத்தானே செய்யும்?"

இது பரம்பரைக் குணம். 1959-ல் அமெரிக்காவில் அறிமுகமான ஜெராக்ஸ் 914 கிட்டத்தட்ட 300 கிலோ எடை. அதுவும் சமயத்தில் பேப்பரைக் கருக்கும் என்பதால் கூடவே ஒரு தீயணைப்பானைக் கொடுத்தார்கள். தீயணைப்பான் என்று சொன்னால் வாங்குபவர் பயந்துவிடுவாரே, அதனால் 'கருகல் நீக்கி' என்று நாகரிகமாகப் பெயர் வைத்தார்கள். அந்த மெஷினுக்கு மூலபுருஷர் செஸ்டர் கார்ல்சன். காப்புரிமை வேலையில் இருந்தவர். ஆவணங்களுக்குப் பிரதி எடுத்து எடுத்து அலுத்துப்போனவர். 1938 அக்டோபர் 22-ஆம் தேதி நியூயார்க்கின் அஸ்டோரியாவில், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னேற்றி, பொடி தூவி, முதல் பிரதியை எடுத்தார். அதில் இருந்தது அந்தத் தேதியும் ஊர்ப் பெயரும்தான். பெரிய பெரிய கம்பெனிகளின் படியேறினார், ஐ.பி.எம். உட்பட எல்லாரும் கையை விரித்தார்கள். சந்தைக்கு மெஷின் வந்து சேர 21 ஆண்டுகள் ஆயின. அந்த மெஷினின் வாரிசு முன்னால் நின்றுகொண்டுதான் நம்மவர்கள், "சீக்கிரம் எடுப்பா, பஸ் போயிடும்" என்கிறார்கள்.

கடைக்கு நல்ல காலம் ஒரு மஞ்சப்பையில் வந்தது. முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுக்க வந்த பாட்டி ஒருத்தி, பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாள். அதற்குள் இன்னொரு கவர். அதற்குள் ரப்பர் பேண்டு சுற்றிய ஆதார், ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக். "எல்லாத்துலயும் ஒண்ணு ஒண்ணு போடு தம்பி" என்றாள்.

மைத்துனன் போடவில்லை. மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தான். "பாட்டி, ஆதார்ல உன் பேருக்குப் பின்னாடி அம்மாள் இருக்கு. ரேஷன் கார்டுல அம்மாளைக் காணோம். பாஸ்புக்குல இனிஷியல் உங்கப்பா பேருக்கு இருக்கு, மத்த ரெண்டுலயும் உங்க வீட்டுக்காரர் பேருக்கு இருக்கு. இப்படியே குடுத்தா ரெண்டு மாசம் கழிச்சுத் திரும்பி வரும்."

"எழுதினவன் எழுதினான். நான் என்னத்தைக் கண்டேன்?"

எதை முதலில் திருத்தவேண்டும், எங்கே போகவேண்டும், எந்த ஒரிஜினலைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வீணான தாளின் பின்பக்கத்தில் எழுதி, இரண்டு தரம் படித்துக் காட்டினான். பாட்டி இடுப்புச் சுருக்குப்பையை அவிழ்த்தாள். "எவ்வளவு?"

"ஒண்ணும் எடுக்கலையே பாட்டி. எதுக்குக் காசு?"

அன்று அந்தக் கடையில் நடந்த ஒரே உருப்படியான வியாபாரம் அது. வசூல் பூஜ்யம்.

எதிரே இருக்கும் ஆபீசிலிருந்து எந்த மனு எதனால் திரும்பி வருகிறது என்பதை இத்தனை வருஷமாக உட்கார்ந்து பார்த்துப் பார்த்து அவன் கற்று வைத்திருந்தான். நாங்களோ பேப்பரை விற்பதில் பத்துப் பைசா கூட்டலாமா குறைக்கலாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவருக்குப் பிரதி ஒரு சாக்கு. அவருக்கு வேண்டியது, கவுன்டரில் மனுவை நீட்டும்போது திருப்பி எறியப்படாத தைரியம். அதற்கு அவர் காசு கொடுக்கத் தயார், நாம்தான் கேட்கவில்லை.

புது போர்டு எழுதினோம். 'ஜெராக்ஸ் 2 ரூபாய். ஆவணங்கள் சரிபார்த்து, படிவம் பூர்த்தி செய்து தர 30 ரூபாய். முதியோர், விதவை, மாற்றுத்திறனாளி உதவித்தொகை மனுக்களுக்கு இலவசம்.' கடைசி வரி மைத்துனனின் நிபந்தனை. என் பேங்க் புத்தி ஆட்சேபிக்க வாயெடுத்தது; கூட நின்ற என் மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டது.

75 பைசாக்காரர் ஒரு வாரம் சிரித்தார். அடுத்த வாரம் அவரே தன் கடைக்கு வந்தவர்களிடம், "எதுக்கும் அங்க ஒருதரம் காட்டிட்டு வந்துடுங்க" என்று அனுப்ப ஆரம்பித்தார்.

அடுத்து, ஆபீஸ் வாசல் புங்கமரத்தடியில் மனு எழுதும் பெரியவரை எங்கள் திண்ணைக்கு அழைத்தோம். மழை வந்தால் அவர் தொழில் நனைந்துவிடும். எங்களுக்கோ மழை நாளில் ஆளே வராது. மேஜை, டியூப்லைட், வாடகை இல்லை. 'சமூகம் கலெக்டர் அவர்களுக்கு' என்று அவர் எழுதத் தொடங்கினால், முடிவில் 'இணைப்பு' என்று ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியல் முழுக்க எங்கள் வருமானம்.

மே, ஜூன் வந்தால் சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்று. ஒவ்வொன்றுக்கும் என்னென்ன வேண்டும் என்று சுவரில் ஒட்டி, பிரதி, போட்டோ, படிவம் எல்லாம் சேர்த்து 'செட்' என்று கவரில் போட்டுக் கொடுத்தான். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வந்துவிட்டால் கடையில் நிற்க இடமிருக்காது. போட்டோ 50 கே.பி.க்குள், கையெழுத்து 20 கே.பி.க்குள் இருக்கவேண்டும். நாட்டை ஆளப் போகிறவர்கள் தங்கள் கையெழுத்தை இளைக்க வைக்க முடியாமல் எங்களிடம்தான் வந்தார்கள்.

அச்சு வேலையும் மெல்ல வந்தது. பாமினி எழுத்துருவில் அடித்துக் கொண்டுவரும் பத்திரிகையை, அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் எழுத்தின் மேல் வைத்த புள்ளியெல்லாம் செமிகோலனாகிவிடும். மணமகன் பெயரே செமிகோலனில் முடியும். அதைச் சரிசெய்யத் தெரிந்தவன் என்பதே ஊருக்குள் தனி மரியாதை. காதணி விழா அழைப்பிதழுக்குப் பேரம் நடக்கும். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு மட்டும் யாரும் பேரம் பேசுவதில்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கக் கடை எண்ணுக்குக் கோப்புகளை அனுப்பும். ஊரில் பாதிப் பேரின் சம்பளச் சீட்டும், மீதிப் பேரின் ஜாதகமும் அந்தக் கம்ப்யூட்டரில் இருந்தன. தினமும் ஷட்டரை இறக்குமுன் எல்லாவற்றையும் அழித்துவிடுவது என்று ஒரு விதி போட்டோம். 'உங்கள் கோப்புகள் இன்றிரவு அழிக்கப்படும்' என்று எழுதி ஒட்டியதும், இதுவரை பிரின்ட் எடுக்காதவர்கள்கூட எடுக்க வந்தார்கள்.

நடுவில் எங்களுக்கு ஒரு கண்டமும் வந்தது. 2022 மே மாதக் கடைசியில், ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று ஆதார் ஆணையத்தின் பெயரில் ஓர் எச்சரிக்கை. மைத்துனன் சாப்பிடவில்லை. ஆதார் போனால் கடையில் பாதி போயிற்று. இரண்டே நாளில், தவறாகப் புரிந்துகொள்ள இடமிருக்கிறது என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அன்றைக்கு அவன் வாங்கிக் கொடுத்த காப்பிக்கு இன்றுவரை கணக்கு எழுதவில்லை.

2015-ல் டிஜிட்டல் இந்தியா வந்தபோதும் டிஜிலாக்கர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தோம். நடந்தது வேறு. ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பித்ததைப் பிரின்ட் எடுக்கவேண்டும். பணம் கட்டிய ரசீதைப் பிரின்ட் எடுக்கவேண்டும். சான்றிதழ் ஆன்லைனிலேயே வந்துவிடும். அதைப் பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, அதற்கு மூன்று ஜெராக்ஸ். காகிதமில்லா நிர்வாகம் இன்னும் கொஞ்சம் தீவிரமடைந்தால் இரண்டாவது மெஷின் வாங்கலாம் என்றிருந்தோம், வாங்கிவிட்டோம். லட்சம் லட்சமாகக் கொட்டவில்லை. வாடகைப் பாக்கி இல்லை, டோனர் கடன் இல்லை. யோசனைக்காரர்கள் இப்போது வருவதில்லை. வந்தால் கைமாற்று கேட்கிறார்கள்.

நசிந்த கடையைத் தூக்கி நிறுத்த நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: விலைப் பலகையில் இருப்பதைவிட, நீங்கள் சும்மா கொடுத்துக்கொண்டிருப்பது என்ன என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். வாடிக்கையாளர்களுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் குறைவு. சில்லறை கொண்டு வாருங்கள். பிரதியை வாங்கிக்கொண்டு கிளம்புமுன், மெஷின் மூடியைத் தூக்கி ஒரிஜினலையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கடை டிராயரில் ஆறு ஆதார் கார்டுகள் இருக்கின்றன.